அருளப்பு அண்ணை சொல்லாத பெயர்

நெளுக்குளத்தில் அருளப்பு அண்ணை காலமான செய்தி மல்லாவிக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஐந்து நாளாகியிருந்தது. வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் சந்தையில் என்னைக் கண்டு, "உங்கட கமராக்காரர் போயிட்டார்" என்றார். "எங்க?" என்று கேட்டேன், விசரன் நான்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேரின் கல்யாண வீடியோ அவர் எடுத்ததுதான். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவர். இடப்பெயர்வில் தன் கமராவைத் தொலைத்துவிட்டு, எங்களூரில் இரவல் கமராவோடு தொழில் செய்தார். இரவல் கிடைக்காத நாளில் வேலையும் இல்லை. அதனால்தான் மல்லாவியில் குறும்படப் போட்டி, முதல் பரிசு புதுக் கமரா என்று அறிவித்ததும் மனுசன் நிலத்தில் நிற்கவில்லை. "தம்பி, எங்கட மாட்டுக் கள்ளன்ர கதையை எழுதும்" என்று வந்து நின்றார்.

அந்தக் கள்ளன் ஒன்பது நாள் காட்டுக்குள் ஒளிந்திருக்க, ஊரே திரண்டு தேடிப் பிடித்தது. தண்டனை முடிந்து வந்து, எங்கள் நடுவிலேயே தோட்டம் செய்துகொண்டிருந்தான். அவனிடமே அனுமதி கேட்கப் போனோம். "எடுங்கோ. ஆனா நான் நல்லா ஓடினனான் எண்டதைக் காட்டவேணும்" என்றான்.

கதையை எழுதியதோடு கள்ளனாக நடித்ததும் நானே. எங்களிடம் ஒரு கசெற்தான், ஒரு பற்றறிதான். ஆகவே அண்ணை கமராவைப் போடாமலே ஐந்து தரம் ஓட விடுவார்; ஆறாம் தரம்தான் எடுப்பார். துரத்தும் காட்சியில் நான் ஆறாம் தரம் ஓடும்போது பக்கத்து வயலில் அரிவு வெட்ட மலையகத்து ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். "கள்ளன்! கள்ளன்!" என்ற சத்தம் கேட்டதும் அரிவாளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, என்னை வரம்போடு அமுக்கி முதுகில் நாலு போட்டார்கள். "படம்! படம்!" என்று நான் கத்தியது யாருக்குக் கேட்டது? கடைசியில் ஒரு பெரியவர் என் சட்டைச் சேற்றைத் தட்டியபடி, "படமுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்று வருந்தினார். அண்ணையோ கமராவை நிறுத்தவேயில்லை. "நீர் ஓடினதில பொய் இல்லைத் தம்பி. அதை நிப்பாட்டுறதே?" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் திரையில் அந்தக் காட்சி வந்தபோது சனம் கதிரையை விட்டு எழும்பிவிட்டது.

கள்ளனின் ஒளிப்பிடத்தை ஒன்பதாம் நாள் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். யாரென்று ஊருக்குத் தெரியாது. கடைசிக் காட்சிக்காக அண்ணை வீடு வீடாக விசாரித்தார். ஒருநாள் வந்து, "கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுப் போடும்" என்றார்.

"ஆரெண்டு தெரியேல்லையோ?"

"தெரிஞ்சுபோச்சு. அதாலதான் சொல்லுறன்."

காட்டிக்கொடுத்தவர் என்று ஒரு பெயர் விழுந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போட்டியன்று தலைமை நடுவர் எங்களைத் தனியே கூப்பிட்டார். "முதல் பரிசு உங்களுக்குத்தான் எண்டு இருந்தனாங்கள். ஆனா ஆளை ஆர் காட்டினது எண்டு படத்தில இல்லையே? இப்ப சொன்னாலும் காணும், மேடையில வாசிச்சு விடுவம்" என்றார். பரிசுக் கமரா பெட்டியோடு மேசையில் இருந்தது. அண்ணை அதை ஒருதரம் பார்த்தார். "எனக்குத் தெரியாது ஐயா" என்றார்.

இரண்டாம் பரிசாக ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள். சைக்கிளில் திரும்பும்போது நான் பின்தங்கியே மிதித்தேன்; அண்ணை திரும்பிப் பார்த்தார்.

"கோவமோ?"

"ஓம்."

"உம்மட கோவம் நாளைக்கு ஆறிப்போம்" என்று சொல்லிச் சிரித்தார். ஆற ஒரு மாதம் எடுத்தது. பிறகு நெளுக்குளத்துக்குக் குடிபோய், சாகும்வரை அவர் இரவல் கமராவோடுதான் தொழில் செய்தார். அதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சாவுச் செய்தி ஊரில் பரவிய மறுநாள், எங்கள் அயலவர் ஒருவர் அழுதபடி என் வீட்டுக்கு வந்தார். "அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை. எனக்குக்கூடச் சொல்லேல்லை" என்றேன். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஆறுதலாகப் போனார்.

இப்போது எனக்கும் அந்தப் பெயர் தெரியும். அண்ணையின் நினைவாக நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். இங்கே எழுதமாட்டேன்.