வெள்ளிக்கிழமை மூடாத தபால் பெட்டி

கம்ப்யூட்டருக்குப் பால் காய்ச்சியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியின் பேக்கிங் அறையில், தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. ஸ்டவ்வில் பால் பொங்கி வழிந்ததும் முதல் டம்ளரை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கீபோர்டில் கொட்டிவிடுமோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்து மனு அடித்துக் கொடுத்தவன் நான். பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்து, கெடுத்து, திரும்பச் சேர்த்து, அந்த வழியிலேயே தொழிலைக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தடிப் புத்தகமும் டெலிபோனும்தான் துணை. இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது பேச்சுவாக்கில் நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் டைரியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். இதில் வரும் பேச்செல்லாம் அந்தப் பின்பக்கங்களில் இருந்ததுதான்.

அந்தத் துணிக் கம்பெனியை நடத்தியவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பாய் என்பார். அவர் வீட்டுக்காரர் நூல் வாங்க ஊர் ஊராக அலைவார். தறி, பேக்கிங், வெளிநாட்டுக் கடிதம் எல்லாம் அக்கா பொறுப்பு. கம்பெனிக்கு இணையத்தில் சொந்தமாக ஒரு பெயர் வாங்கிக் கொடுத்திருந்தேன். பெயரை வாங்கினால் மட்டும் போதாது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வந்தால் எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று வழிகாட்ட ஒரு பதிவேடு வேண்டும். அதைத்தான் டி.என்.எஸ். என்கிறார்கள். வலைப்பக்கம் பார்க்க வருகிறவருக்கு அதில் ஒரு வரி இருக்கும். மின்னஞ்சலில் கடிதம் போட வருகிறவருக்கு வேறொரு வரி, அதற்கு எம்.எக்ஸ். என்று பெயர்.

இதைச் சொன்னபோது அக்கா கேட்டார்: “கல்யாண மண்டபத்து வாசல்ல ஒருத்தர் நின்னுக்கிட்டு, சாப்பாடு இந்தப் பக்கம், மொய் அந்தப் பக்கம்னு கை காட்டுவாரே, அவரா?”

“அவரேதான் அக்கா.”

“அப்ப அந்த ஆளு நல்ல ஆளா இருக்கணும் பாய். தப்பாக் கை காட்டுனாருன்னா அம்புட்டு மொய்யும் அடுத்த மண்டபத்துக்குப் போயிரும்.”

இதைவிடச் சுருக்கமாக டி.என்.எஸ்ஸை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கம்பெனியின் கடிதப் பெட்டி அதுவரை மதுரையில் ஒரு சின்ன நிறுவனத்தின் மெஷினில் இருந்தது. பெட்டி ரொம்பச் சிறியது. படம் வைத்து ஒரு கடிதம் வந்தால் நிரம்பிவிடும். சென்னையில் பெரிய பெட்டி கிடைத்தது. பதிவேட்டில் எம்.எக்ஸ். வரியை மட்டும் மதுரையிலிருந்து சென்னைக்கு மாற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை என்றேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு அக்கா நாள் பார்த்தார்.

“கடிதம் குடியிருக்கிற வீடு மாறுதுல்ல? பால் காய்ச்சாம யாராவது குடி போவாங்களா?” என்றார்.

வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. பேக்கிங் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் தேவதானத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டே, “ஏன் பாய், இந்தப் பால் உங்க மெஷினுக்கா, நமக்கா?” என்றார். “மெஷின் குடிச்சது போக மிச்சம் உங்களுக்கு அண்ணாச்சி” என்றேன். “அதுக்குச் சர்க்கரை வியாதி இருக்கான்னு கேட்டுக்கிடுங்க, நான் சீனி தூக்கலாப் போடுவேன்” என்றார் அவர்.

பால் பொங்கியது. நான் பதிவேட்டைத் திறந்து வரியை மாற்றினேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் 172800 என்று ஓர் எண் இருந்தது. ஏதோ நம்பர், அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சோதனைக்கு என் பெட்டியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பினேன். சென்னைப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“மதுரையைக் காலி பண்ணச் சொல்லிட்டீங்களா?” என்றார் அக்கா.

“ஒரு வாரம் கிடக்கட்டுமே அக்கா.”

“அது ஆகாது. பழைய வீட்டுல அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது இங்க பால் காய்ச்சுனா, அது குடி வந்ததா ஆகுமா? ஒரு குடும்பம் ரெண்டு இடத்துல உலை வைக்கிறது பிரிஞ்சு போறதுக்குச் சமம் பாய். இப்பமே சொல்லிருங்க.”

எனக்கும் மறுத்துச் சொல்லக் காரணம் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு, போனை எடுத்த பெண்ணிடம் எங்கள் பெட்டியை உடனே அழித்துவிடச் சொன்னேன். “சரி சார்” என்றது அந்தப் பெண். நான் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு, அப்படியே பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த வாரம் அக்கா ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தார். வெளிநாட்டில் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் வியாபாரி ஒருவர் புதன்கிழமை போனில் சொல்லியிருந்தார்: சாம்பிள் பிடித்திருக்கிறது, துணியின் அகலம், மடிப்பு எல்லாம் எழுதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதம் அனுப்புகிறேன், திங்கட்கிழமை காலையில் நான் ஆபீஸ் திறக்கும்போது உங்கள் சம்மதம் என் மேஜையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று. கம்பெனியில் அப்போது பாதித் தறி நின்றுகொண்டிருந்தது. அந்தத் தறிகளில் வேலை பார்த்தவர்களிடம், இந்த ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். இது எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வெள்ளிக்கிழமையில் கை வைத்தேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

சனிக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. “கடிதம் வரலையே பாய்.”

“நேரம் ஆகும் அக்கா.”

பதினோரு மணிக்கு மறுபடி போன். “இன்னும் வரலை. நீங்க செத்த நேரம் வந்துட்டுப் போங்க.”

“இந்தா வாரேன்” என்று தடிப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போனதும் என் பெட்டியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தேன், வந்தது. என் கடிதம் வருகிறது, அவருடைய கடிதம் வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்க்கிறார், நான் மானிட்டரைப் பார்க்கிறேன். அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை.

“பால்ல சீனி கூடிப் போச்சோ?”

“ஏன் அண்ணாச்சி, நீங்க வேற” என்று அக்கா அதட்டினார்.

புத்தகத்தைப் புரட்டினேன். 172800 போன்ற எண்ணுக்கு அதில் ஒரு பத்தி இருந்தது. ஒருவர் நம் பெயரைக் கேட்டு வழி தெரிந்துகொண்டால், அந்த வழியை அவருடைய மெஷின் மனதில் வைத்துக்கொள்ளும். அந்த எண் தீரும்வரை மறுபடி வந்து கேட்காது. எண் வினாடியில். துண்டுக் காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். முழுசாக இரண்டு நாள்.

வாசலில் கை காட்டுகிற ஆளை நான் மாற்றிவிட்டேன், சரி. ஆனால் முன்னாலேயே வழி கேட்டுக்கொண்டு போனவர் அவரிடம் ஏன் மறுபடி வருகிறார்? நேரே பழைய இடத்துக்குத்தானே போவார்! என் பெட்டி இருந்த மெஷின் அதற்கு முன் கம்பெனிக்கு வழி கேட்டதே இல்லை, அதனால் அதற்குப் புது வழி கிடைத்தது. அந்த வியாபாரியின் மெஷினோ நேற்று முன்தினம்கூட மதுரைக்குக் கடிதம் கொண்டுபோய்ப் போட்டது. இப்போது மதுரையில் பெட்டியே கிடையாது. நான்தான் அழிக்கச் சொன்னேன். அப்படியானால் அவருடைய கடிதம், இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்ற பதிலோடு அவரிடமே திரும்பிப் போயிருக்கும்.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் பேக்கிங் மேஜை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“யாரும் இல்லைன்னா போட்டு அனுப்பியிருக்கும்?”

“ஆமாக்கா.”

“கம்பெனியை இழுத்து மூடிட்டோம்னுல்ல நினைப்பாரு அவரு.”

போன் போட்டுப் பார்க்கலாம், ஃபேக்ஸ் கொடுக்கலாம் என்றேன். போட்டோம். அங்கே சனி, ஞாயிறு லீவு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃபேக்ஸ் போனது. ஆனால் அகலம் என்ன, மடிப்பு என்ன என்று தெரியாமல் எதற்கென்று சம்மதம் எழுதுவது? திங்கட்கிழமை அவர் ஆபீஸைத் திறந்ததும் முதலில் பார்ப்பது திரும்பி வந்த அந்தக் கடிதமாகத்தான் இருக்கும்.

“நான்தான் அடுப்பை அணைக்கச் சொன்னேன்” என்றார் அக்கா.

“அணைச்சது நான்தானே அக்கா.”

கடைசியில் மதுரைக்குக் கூப்பிட்டேன். அழித்ததைத் திரும்ப வைத்தாலாவது அடுத்து வருகிற கடிதத்துக்கு ஆகும் என்று ஓர் எண்ணம். மத்தியானம் ஒன்றரை மணி. சனிக்கிழமை, பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகு அதே பெண் எடுத்தது. வாயில் சோறு இருப்பது குரலிலேயே தெரிந்தது. கம்பெனிப் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் சோற்றை அவசரமாக விழுங்கியது.

“சார், கோவிச்சுக்கிடாதீங்க.”

“என்னம்மா?”

“நேத்து நீங்க சொன்னீங்கள்ல, அந்தப் பெட்டியை நான் இன்னும் அழிக்கலை.”

அந்தப் பெண் பயந்துபோய் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தது: “வெள்ளிக்கிழமை சார். வெள்ளிக்கிழமையில எங்க வீட்டுல அடுத்த வீட்டுக்கு உப்புகூடக் குடுக்க மாட்டாங்க. ஒரு கஸ்டமரைப் போய் எப்படி சார் வெளிய அனுப்புறது? திங்கக்கிழமை பண்ணிக்கிடலாம்னு விட்டுட்டேன். எங்க சார்கிட்ட சொல்லிராதீங்க.”

“அம்மா, நீ நல்லா இருப்ப. நீ மகராசியா இருப்ப” என்றேன். அந்தப் பெண் என்னை என்னவென்று நினைத்ததோ தெரியாது.

“அப்ப அழிச்சிரவா சார்?”

“ஐயையோ, வேண்டாம்!” நான் போட்ட கத்தலில் அண்ணாச்சி கையிலிருந்த துணிக் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

போனை வைத்துவிட்டு, மறுபடி இணையத்தில் ஏறி, கடிதம் படிக்கும் நிரலில் சென்னை மெஷினின் பெயரை எடுத்துவிட்டு மதுரை மெஷினின் பெயரை அடித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை பாஸ்வேர்டு தப்பாகப் போனது. மூன்றாவது தடவை கதவு திறந்தது. மூன்று கடிதங்கள் கிடந்தன. ஒன்று யாரோ எந்திரம் விற்கிறவருடையது. இன்னொன்று தூத்துக்குடி கப்பல் ஏஜெண்டுடையது. மூன்றாவது அவருடையது. துணி அகலம் முன்பு சொன்னதைவிட ஓர் அங்குலம் கூட, மடிப்பு எட்டு, சரியென்றால் திங்கட்கிழமைக்குள் எழுதவும் என்று இருந்தது.

அக்கா கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தறிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பெரிதாக மூச்சு விட்டார். பதிலை நானே டைப் அடித்தேன். மனு அடித்த காலத்தில்கூட ஒவ்வோர் எழுத்தையும் அப்படிப் பார்த்துப் பார்த்து அடித்ததில்லை.

அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “வந்துருச்சா? அப்ப இன்னொரு தடவை பால் காய்ச்சுவோமா?” என்றார்.

“பாலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போய் டீ சொல்லுங்க” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வியாபாரியிடமிருந்து இரண்டு வரி வந்தது. எங்கள் பதில் கிடைத்தது, வேலையைத் தொடங்கலாம் என்று. அந்தக் கடிதம் சென்னைப் பெட்டிக்கே வந்து சேர்ந்தது. அவருடைய மெஷின் பழைய வழியை மறந்திருந்தது. மறுநாளே நின்றிருந்த தறிகளுக்குப் பாவு நூல் ஏறியது.

அதன் பிறகு யாருக்கு எந்த வரியை மாற்றினாலும், இரண்டு நாள் முன்னாலேயே அந்த எண்ணை 300க்குக் குறைத்துவிடுவேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் பழைய வழியை நினைவில் வைத்திருக்க முடியாது. அப்படியும் பழைய பெட்டியை ஒரு வாரம் விட்டுத்தான் மூடுவேன்.

மதுரைப் பெட்டியையும் அப்படியே விட்டோம். தினமும் காலையில் திறந்து பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. அடுத்த வாரம் அக்காவே ரிசீவரை வாங்கி அந்தப் பெண்ணிடம் பேசினார்.

“ஏம்மா, இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன்கிழமைம்மா.”

“உங்க வீட்டுல இன்னிக்கு உப்புக் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்கம்மா.”

“அப்பச் சரி. அந்த அடுப்பை அணைச்சிரு தாயி.”