வலது பக்கப் பொத்தான்

யோகேஸ்வரியின் போன் மினிபஸ் படியில் விழுந்தது பங்குனிப் பொங்கல் கூட்டத்தில். கண்ணாடி உடையவில்லை. ஆனால் அன்றோடு திரையின் கீழ்ப்பாதி செத்துப்போனது. மேலே தொட்டால் கேட்கும். கீழே எவ்வளவு தேய்த்தாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும். தட்டுகிற எழுத்துகள் வருவதெல்லாம் கீழ்ப்பாதியில்தான். யாராவது கூப்பிட்டால் எடுக்கக்கூட முடியாது.

திருத்தங்கலில் மொபைல் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டிஸ்ப்ளே மாத்தணும்மா. அதுக்கு வேற போனே வாங்கிரலாம்."

அவள் நகராமல் நின்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார். ஒரு சின்ன இணைப்பைப் போனில் செருகி, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய மவுஸ் ஒன்றை அதில் மாட்டினார். திரையில் கறுப்பாக ஒரு அம்பு முளைத்தது. மவுஸை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது. செத்த பாதியிலும் போய் நின்றது.

"இத வச்சு ஓட்டுங்க. பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்.

அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். விருதுநகரில் வேதியியல் படித்தாள். அம்மா பாண்டிலட்சுமி பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். அப்பா லோடு வேனில் ஊர் ஊராகப் போகிறவர். வீட்டில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். பட்டம் வாங்கி வந்த புதிதில் தெருவே அவளைக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டுப் பார்த்தது. வருஷம் ஒன்று கழிந்ததும், "என்ன யோகு, பட்டாசு மருந்து கலக்கவா கெமிஸ்ட்ரி படிச்ச?" என்று கேலி வந்தது. அதற்கு அவளும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்த பிறகு, ஏன் சிரித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வேலைக்கு எழுதிப் போடாத இடமில்லை. இடையில் சும்மா இருக்கப் பிடிக்காமல் போனிலேயே அழைப்பிதழ் செய்யப் பழகினாள். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எது கேட்டாலும் செய்து கொடுத்தாள். மவுஸ் வந்த பிறகு வேலை நயமானது. விரல் மறைத்த இடமெல்லாம் இப்போது தெரிந்தது. மயிரிழைக் கோட்டைக்கூட அம்பால் பிடித்து நகர்த்த முடிந்தது.

ஆனால் அதற்கென்று சில பாடுகள் இருந்தன. மவுஸ் மாட்டியிருக்கும்போது சார்ஜ் போட முடியாது. கையைச் சற்று நேரம் அசைக்காவிட்டால் அம்பு மறைந்துவிடும். மறுபடி ஆட்டிக் காட்டினால்தான் வரும். அதனால் யோசிக்கும்போதும் அவள் வலது கை சும்மா இருக்காது. வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். செய்தது பிடிக்கவில்லையா, வலது பக்கப் பொத்தானை அழுத்துவாள். போன் ஒரு அடி பின்னால் போய்விடும். நாலு மாதத்தில் அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. வாழ்க்கையிலும் இப்படி ஒரு பொத்தான் இருந்தால் எந்த இடத்துக்குப் பின்னால் போவேன் என்று ஒருநாள் யோசித்தாள். கல்லூரிக்கு முன்னாலா, பின்னாலா?

ஆடிப்பெருக்கு கழிந்தது. சிவகாசியில் மாதிரிப் படங்கள் அடங்கிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி, ஏஜென்ட்டுகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். கடைக்காரர்கள் சாமி படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். படத்துக்குக் கீழே அவர்கள் கடையின் பெயர் வர வேண்டும். அதைப் பொருத்திக் கொடுக்க அச்சகங்களில் ஆள் போதாத நேரம் அது. அவள் செய்த காதணி விழா அழைப்பிதழ் ஒன்று சுற்றிச் சுற்றிச் சாலமன்ராஜ் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் அங்கே ஒரு அச்சகத்தில் டிசைனர். போன் செய்தார்.

"எடுப்பா இருக்கும்மா. வீட்டுலயா பண்றீக?"

"வீட்டுலதாண்ணே."

"அப்பத் திங்கக்கிழமை வாங்க. உக்காந்து பாருங்க. சரிவந்தா முதலாளி அண்ணாச்சிகிட்டச் சொல்லிச் சேத்துவிடுறேன்."

எதில் செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அது பொய்யா? கேட்காததற்கு எப்படிப் பதில் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுவே மண்டையைக் குடைந்தது.

அன்றைக்கென்று பார்த்து அம்மாவும் ஒன்று சொன்னாள். "ஃபோர்மேன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். பாக்கிங்ல ஆள் எடுக்காகளாம். நாளைக்குள்ள சொல்லணும். பிரஸ்ல ஆகலன்னா நீயும் என்கூட வந்துரு யோகு."

அவளுக்கு அங்கே போக மனமில்லை. அந்த வேலையில்தானே அம்மா என்னைப் படிக்கவைத்தாள், அது எனக்கு மட்டும் ஆகாதா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஆகவில்லை. அதுதான் உண்மை.

அச்சகத்தில் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். திரை சன்னல் அளவுக்கு இருந்தது. வேல் பிடித்த முருகன் படம். கீழே கோவில்பட்டிப் பாத்திரக்கடை ஒன்றின் பெயர், விலாசம். எழுத்தைச் சாலமன்ராஜே அடித்து வைத்திருந்தார். அவள் அதை அழகாகப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் ஒரு பருவம் கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தது. இரண்டு பேருக்கு ஒன்று. மவுஸ் எப்போதும் பக்கத்துப் பெண் கையிலேயே இருக்கும்.

கடைப் பெயரைப் பெரிதாக்கினாள். கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு அடி பின்னால் போக, விரல் தானாக வலது பொத்தானை அழுத்தியது. இங்கே அது பின்னால் போகவில்லை. முருகன் முகத்தின்மேல் நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. பதறிப்போய் அதை விரட்ட இடது பொத்தானைத் தட்டினாள். எந்த வரியில் பட்டதோ, முருகனும் மயிலும் மாயமாகிவிட்டார்கள். வெள்ளைத் திரையில் பாத்திரக்கடை மட்டும் மிச்சம்.

"என்னம்மா, முருகன் மலையேறிட்டாரா?" என்றார் சாலமன்ராஜ்.

மேலே வளைந்த அம்புக்குறி ஒன்று தெரிந்தது. அவள் போனிலும் அது உண்டு. அதை அழுத்தினாள். முருகன் திரும்பி வந்தார். மூச்சு வந்தது. அடுத்த எழுத்தை நகர்த்தினாள். கோணலாகப் போனது. விரல் மறுபடி வலது பொத்தானுக்கே ஓடியது. நடுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு வேலை செய்து பார்த்தாள். அதுவும் நாலு அசைவுக்குத்தான். மடக்கிய விரல் எப்போது நீண்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

இடையில் சாலமன்ராஜின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெளியூர் ஏஜென்ட்டுகள். "இந்தா அனுப்புறேன், இந்தா அனுப்புறேன்" என்று எல்லாரிடமும் ஒரே பாட்டு. போனை வைத்துவிட்டு அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் கைய எடும்மா. வீட்டுல எந்த சிஸ்டத்துல பண்றே?"

"போன்லண்ணே."

"போன்லயா?"

"மவுஸ் மாட்டி."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த முதலாளி காசிராஜனுக்கு இது கேட்டுவிட்டது. எழுந்து வந்தார்.

"ஏலே சாலமா, சீசன் நேரத்துல பால்வாடி நடத்துறியாலே?" அவளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்கிடாதீகம்மா. ஆர்டர் மலை மாதிரிக் குமிஞ்சு கெடக்கு. சொல்லிக்குடுக்க இங்கன ஆளில்ல. நல்லாப் பழகிட்டு அடுத்த சீசனுக்கு வாங்க."

எங்கே போய்ப் பழகுவது என்று கேட்கத் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாளைக்கு அம்மாவோடு கம்பெனி வேன். வாசல்வரை போய் நின்றாள்.

போன் அடித்தது. சாலமன்ராஜ் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியில் விழுந்தார்.

"ஏ தம்பி, பலவேசம் பேசுதேன். சங்கரன்கோவில் ஜவுளிக்கடையில நிக்கேன். முருகன் படம் பிடிச்சுப்போச்சு. அவுக பேரு எம்புட்டுப் பெருசா வரும்னு கண்ணால பாக்காம கடைக்காரரு ஆர்டர் தரமாட்டேங்காரு."

"ஒரு மணிநேரம் பொறுங்கண்ணே."

"ஒரு மணிநேரமா? அதுக்குள்ள அவரு வேற கம்பெனி ஆல்பத்தப் புரட்டிருவாருல்லா."

"அண்ணே," என்றாள் யோகேஸ்வரி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அந்தப் படத்த என் போனுக்கு அனுப்புங்க. கடைப் பேரையும்."

சாலமன்ராஜ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தடுக்கவில்லை. சாலமன்ராஜ் இரண்டையும் அனுப்பினார்.

சுவரோரம் கிடந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, போனை இன்னொரு கட்டில் சாய்த்து வைத்தாள். கழித்துப்போட்ட காலண்டர் அட்டை ஒன்றை மடியில் வைத்து அதன்மேல் மவுஸை ஓட்டினாள். அம்பு வந்தது. எழுத்தை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் கடைப் பெயரை அடித்தாள். பெரிதாக்கினாள். அதிகமாகிவிட்டது. வலது பொத்தான். போன் சொன்னபடி பின்னால் போனது. மறுபடி அளந்து வைத்தாள். படம் சங்கரன்கோவிலுக்குப் போயிற்று.

"பேரச் செவப்பாக் கேக்காரு" என்றார் பலவேசம். சிவப்பாக்கினாள். "அப்பா பேரையும் மேல போடணுமாம்." போட்டாள். பிறகு கடைக்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் முழுக்க அவள் கை அட்டையில் வட்டம் போட்டது.

"முடிஞ்சுது தம்பி. அடுத்த கடைக்குப் போறேன். இதே மாதிரி ஒண்ணு அனுப்பச் சொல்லு."

அதற்குள் தேனியில் இருந்து ஒருத்தர், போடியில் இருந்து ஒருத்தர். மத்தியானம் போனது தெரியவில்லை. போன் சாகப்போகும் நேரத்தில் மவுஸைக் கழற்றிச் சார்ஜ் போட்டுவிட்டு, பக்கத்திலேயே காவல் காத்தாள்.

சாயங்காலம் காசிராஜன் வந்து, போனில் இருந்து தொங்கிய ஒயரைக் குனிந்து பார்த்தார். "நாளைக்கு வருவீகளா?"

"என்ன வேலைக்கு அண்ணாச்சி?"

"இதே வேலைக்குத்தான். ஏஜென்ட்டுகளுக்குப் படம் அனுப்ப. தை வரைக்கும் இருக்கும். அதுக்குப் பொறவு நான் சொல்ல முடியாது."

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. "அண்ணன் சாப்பிடப் போற நேரம் சிஸ்டம் சும்மாதான இருக்கும். அதுல நான் பழகிக்கிடட்டுமா?"

காசிராஜன் சாலமன்ராஜைப் பார்த்தார். "பழகட்டும் அண்ணாச்சி" என்றார் அவர். "சாமி கும்பிட்டுட்டு உக்காரட்டும். சாமிக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்ல."

பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது அம்மா கூப்பிட்டாள். எடுப்பதற்கு ஓரமாக நின்று மவுஸை மாட்ட வேண்டியிருந்தது. பையின் மேலேயே அதை உருட்டி எடுத்தாள்.

"ஃபோர்மேன் இங்கனதான் நிக்காரு. என்ன சொல்லட்டும்?"

"வரலன்னு சொல்லிரும்மா."

"பிரஸ்ல எடுத்துட்டாகளா?"

"தை வரைக்கும்."

"தைக்குப் பொறவு?"

திருத்தங்கல் பஸ் திரும்பி உறுமிக்கொண்டு நின்றது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். தைக்குப் பிறகு என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இந்த ஒரு பதிலில் அவள் விரல் வலது பொத்தானைத் தேடவில்லை.

"தெரியலம்மா. நீ வரலன்னே சொல்லு."

அந்தப் பக்கம் ஆட்களின் இரைச்சல். அதற்கு நடுவே அம்மா வாயைப் போனில் இருந்து திருப்பி, யாரிடமோ, "அவ வரல சார்" என்று சொல்வது கேட்டது.