மாமியின் சுண்டுவிரல்

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காகக் கொழும்பிலிருந்து புறப்பட்ட அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, யாரோ ஒருவருடைய சைக்கிள் கரியரில் இருந்து உடுவில் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கினார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். பிறகு மாமியின் இடதுகையைப் பார்த்தவர், அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டார். சுண்டுவிரல் நகத்தில் தேர்தல் மை.

"மச்சாள், உதோடையே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"தேய்ச்சும் போகுதில்லை, என்ன செய்ய?"

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. தெற்கில் சனம் திரண்டு போய் வாக்களித்ததாக வானொலி சொன்னது. தேர்தலை ஏற்காத இயக்கத்தின் பிடியில் இருந்த எங்கள் ஊரில் வாக்குச்சாவடியே இல்லை. தேர்தலைப் பற்றிப் பலத்துக் கதைக்கவும் மாட்டார்கள். கடற்படை நின்ற தீவுப் பக்கம் விழுந்த கொஞ்ச வாக்குகளோடு எங்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்கள் தெரிவாகியிருந்தார்கள். மை பூசிய விரலை நான் அதற்குமுன் கண்டதில்லை. எட்டு வயதான எனக்கு மாமி மீது பெரும் மதிப்பு வந்தது.

தேசிக்காய்ப் புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் பயனில்லை. கடைசியில் அம்மா பழைய வேட்டித் துணியைக் கிழித்து விரலில் சுற்றினார். "ஆரும் கேட்டால் கத்தி வெட்டினது. விளங்குதே பிள்ளை?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்கிற அதே அம்மாதான்.

அந்தியேட்டியன்று மத்தியானம், கொழும்பால் வந்தவர்களை விசாரிக்க இயக்கப் பொடியன் ஒருவன் வந்தான். அப்பாவிடம் படித்தவன். மரியாதையாகத் தேநீர் குடித்தான். மாமி எங்கே தங்குவார், எப்போது திரும்புவார் என்றெல்லாம் கேட்டான். பிறகு அவன் கண் துணிக்கட்டில் நின்றது.

"விரலிலை என்ன அன்ரி?"

"கத்தி பட்டிட்டுது தம்பி."

"காட்டுங்கோ பாப்பம். எனக்கு மருந்து கட்டிப் பழக்கம்."

அவன் கையை நீட்டினான். அப்பா அசையவில்லை. என்னை அறியாமல் நான் வீரிட்டுக் கத்தினேன். "அவிழ்க்காதேங்கோ! ரத்தம்! எனக்குப் பயம்!" அது நடிப்பல்ல. நிறுத்த முடியாமல் அழுதேன்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "பிள்ளை பயந்திட்டுது சேர்" என்றான். "மஞ்சள் வைச்சுக் கட்டுங்கோ அன்ரி. திரும்பிப் போகுமட்டும் அவிழ்க்காதேங்கோ." சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சனம் கலைந்ததும் அப்பா மாமியை அறைக்குள் கூப்பிட்டுத் துணியை அவிழ்க்கச் சொன்னார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தங்கையின் விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கியூவிலை நிண்டனியே?"

"ஓம் அண்ணை. சரியான சனம்."

"பேரைப் பலத்து வாசிச்சவையே? ஒருத்தரும் மறிக்கேல்லையே?"

"இல்லை அண்ணை. ஆர் மறிக்கிறது?"

அப்பா தலையசைத்தார். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மண்ணெண்ணெய்க் கியூவில் நிற்பதென்றாலே எரிந்து விழுகிற மனிதர், மாமி நின்ற கியூவைப் பற்றி ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறார், கேட்கும்போது ஏன் அந்த விரலை விடாமல் பிடித்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.