சந்தனம் மறைத்த சிவப்பு

தண்ணீர்மலை மேவிய வேலவன் திருவடி போற்றி. கிருத்திகை நன்னாளில் இதை எழுதுகிறேன்.

குடல் அறுவைக்குப் பின் என் மனைவிக்கு மருத்துவமனையில் வாரக்கணக்கில் நரம்பு வழியாகவே உணவு சென்றது. உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் தோல் சிவந்து உரிந்தது. அம்மை என்று அஞ்சிய நான், எவரிடமும் சொல்லாமல் நாள்தோறும் சந்தனம் பூசி மறைத்தேன். புண் பரவியது, அறுவைக் காயமும் ஆறவில்லை.

ஒரு காலை அவள் முகம் துடைத்த தாதி, சந்தனத்தின் அடியில் புண்ணைக் கண்டு பதறி மருத்துவரை அழைத்தார். இரத்தம் சோதித்த மருத்துவர், "ஐயா, இது அம்மை இல்லலா. உடம்புல ஸிங்க் கொறைஞ்சிருச்சு. முன்னாடியே காட்டியிருக்கலாமே?" என்றார்.

"வாய்க்குள்ள ஒண்ணும் போகல டாக்டர், வாயைச் சுத்தி மட்டும் இவரு சந்தன விருந்து வெச்சாரு," என்றாள் மனைவி.

நரம்பு வழி உணவில் ஸிங்க் எனும் துத்தநாகத்தைக் கூட்டியதும் சில நாள்களில் தோல் தெளிந்தது. காயமும் ஆறத் தொடங்கியது.

இப்போது அவள் உடலில் எது புதிதாகத் தோன்றினாலும் முதலில் மருத்துவரிடம் காட்டுகிறேன். அதன் பின்னரே வழிபாடு.

இதை வாசிப்போர் யாவரும் குன்றா நலத்துடன் வாழ முருகன் அருள்க.