ஸ்டியரிங்கில் 'கடக்' என்றால் காரை விற்றுவிட வேண்டுமா? கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரு சனிக்கிழமை

சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போவார்கள், பிச்சாவரத்தில் படகு ஏறப் போவார்கள். நான் போனது என் காரின் ஸ்டியரிங் சத்தத்துக்காக. பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் சாப்பாட்டுப் பத்திக்கு நேராகப் போய்விடலாம்.

கார் 2009 மாடல், சின்ன பெட்ரோல் வண்டி, ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. கணவர் குவைத்தில் இருக்கிறார். புதுப்பாளையம் வீட்டிலிருந்து குடிகாடு தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு ஷிப்டு நேரத்தில் போய்வர இந்த வண்டிதான். இது வந்த பிறகுதான் கம்பெனி வேன் எப்போது வரும் என்று ரோட்டோரம் நிற்பதை நிறுத்தினேன். மழைக்காலம் முடிந்த கையோடு, ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

கடலூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஸ்டியரிங் ராக்கே போச்சு மேடம், சக்கரத்தத் திருப்புற தண்டு. மொத்தமா மாத்தணும், முப்பத்திரண்டாயிரம் ஆவும். சார வரச் சொல்லுங்க, நான் அவருகிட்ட பேசிக்கிறேன்."

"சார் குவைத்துல இருக்காரு. வண்டி ஓட்டுறது நான்தான், என்கிட்டயே பேசுங்க."

"அப்ப அவரு வாட்சப் நம்பர் குடுங்க."

எனக்கு வந்ததே கோபம். எந்தச் சக்கரத்திலிருந்து சத்தம் வருகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க" என்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாடியில் குடியிருக்கும் மாமா, அதாவது என் கணவரின் அண்ணன், இந்தத் தொகையைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். "வண்டிய வித்தாலும் அதவிட கொஞ்சந்தான் ஜாஸ்தி வரும். வித்துடும்மா. வேன்ல போறவங்கல்லாம் மனுசங்க இல்லையா?" என்றார். பேச்சோடு நிற்கவில்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வண்டி பார்க்க ஓர் ஆளையே வரச் சொல்லிவிட்டார். என் வண்டிக்கு, என்னைக் கேட்காமல்! நான் ஒன்று மட்டும் சொன்னேன்: "சிதம்பரத்துல இன்னொருத்தர்கிட்ட காட்டுறேன் மாமா. அவரும் ராக்குன்னு சொன்னா ஆறு மணிக்கு நானே வித்துடுறேன். சொல்லலைன்னா இந்தப் பேச்ச விட்டுடணும்." அவர் தலையாட்டினார். தலையாட்டிய விதத்திலேயே என்மேல் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது.

கிளம்புவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங்கில் லூஸ் இருந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ ஓட்டவே ஓட்டாதீர்கள், வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் மாலை ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைப் பிடித்து இடவலமாகவும் மேல்கீழாகவும் ஆட்டிப் பார்த்தேன். துளி ஆட்டமில்லை. அந்தத் தைரியத்தில்தான் போனேன்.

காலை 6.40க்குப் புறப்பாடு. கூட வந்தது ஸ்டெல்லா, என் லேபில் வேலை பார்ப்பவள். சிதம்பரம் ஆளைச் சொன்னதும் அவள்தான். கெடிலம் பாலம், முதுநகர் தாண்டி 7.05க்குக் குடிகாடு. அங்கே தொழிற்பேட்டை மதில்சுவரை ஒட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் எந்தப் பக்கம் என்று துல்லியமாகக் கேட்கும். சுவர் இடப்பக்கம் இருக்க ஒருமுறை, திரும்பி வலப்பக்கம் இருக்க ஒருமுறை. சக்கரம் உருளும்போது தொடர்ந்து 'டக் டக்' என்று வந்தால் அச்சுப் பக்கத்துக் கோளாறு. எங்களுக்கு அது இல்லை. நின்ற இடத்தில் திருப்பினால் மட்டும், இரண்டு பக்கமும் 'கடக்'. வாட்ச்மேன் வெளியே வந்து எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"லீவு நாள்ல என்னம்மா பண்றீங்க இங்க?"

"சவுண்டு டெஸ்ட் அண்ணே" என்றாள் ஸ்டெல்லா. அவர் உள்ளே போய்விட்டார்.

7.40க்கு ஆலப்பாக்கம். டீ பதினைந்து ரூபாய், நல்ல டீ. கடை ஓரமாக வண்டியை நிறுத்தி ஸ்டெல்லாவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தேன். நான் மண்டி போட்டு, விரல் நசுங்காதபடி, முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் சுருளின் வெளிப்பக்கம் கையை வைத்துக்கொண்டேன். அவள் மெதுவாகத் திருப்பத் திருப்ப, ஸ்பிரிங் கூடவே திரும்பாமல் முறுக்கிக்கொண்டு நின்றது. பிறகு ஒரே துள்ளலாக 'கடக்'. உள்ளங்கையில் அடித்த மாதிரி இருந்தது.

"மறுபடி திருப்புடி!" என்று கத்தினேன்.

"வலிக்குதுடி தோள்பட்ட. காருக்கு டாக்டர் நீ, நான் நர்ஸா?"

சத்தம் ராக்கில் இல்லை. ஸ்பிரிங்குக்கு மேலே ஷாக் அப்சார்பரைத் தாங்கும் ரப்பரும் அதிலிருக்கும் பேரிங்கும்தான் திரும்ப மாட்டேன் என்கின்றன. டீக்கடை வாசலில் அழுக்குக் கையோடு நின்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒன்றரை மணி நேரம் நீடித்தது.

புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். சிதம்பரத்தில் காட்டுமன்னார்கோயில் சாலையிலுள்ள பட்டறைக்கு 9.10க்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டிலிருந்து 49 கிலோமீட்டர். பட்டறைக்காரர் ஜாகிர் பாய், லால்பேட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும். முன்சக்கர வேலை தவிர வேறு எதையும் தொடமாட்டார். "சார் எங்கே" என்று கேட்கவில்லை. "எப்ப எப்ப வருது?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல வண்டியைத் தூக்கி, ராக்கைக் கையால் பிடித்து ஆட்டினார், அதன் ரப்பர் உறையைப் புரட்டிப் பார்த்தார். "ராக்கு நல்லா இருக்கு மேடம். நீங்க சொன்ன எடந்தான்" என்றார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் கைதட்டினாள்.

அதற்குள் அவர் வண்டிக்கு அடியில் விரலால் வழித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். விரல் முழுக்கக் கருப்புப் பிசின்.

"இது யாரு மேடம் இவ்ளோ ஆயில் அடிச்சது?"

ஊருக்கே தெரிந்த பழக்கம்தான். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பக்கம் டீசலும் கழிவு ஆயிலும் கலந்து பீய்ச்சுவார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் கடற்காற்று, கேட்டுகூட இரண்டு வருடத்தில் பொரிந்துவிடும். அதனால் நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடிக்கச் சொல்வேன். ஆயுத பூசைக்கு இன்னும் தாராளம். பானெட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் தலையிலும் நன்றாக அடி என்று பக்கத்தில் நின்று வேலை வாங்கியவள் நான்.

"இரும்புக்கு நல்லதுதான் மேடம். ரப்பருக்கு எமன். பாருங்க, ஊதிப்போய்க் கொழகொழன்னு இருக்கு. அதுல மண்ணு ஒட்டி பேரிங்குக்குள்ள போயிருக்கு. இங்க வர்ற வண்டியில பாதி இந்தக் கேஸுதான்."

லேபில் கரைப்பான் பாட்டிலுக்கு ரப்பர் கார்க் போட்டால், எண்ணெயும் கரைப்பானும் ரப்பரை ஊதவைக்கும் என்று தெரியாதா என்று புதுப் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான். பத்து வருடமாகக் கத்துகிறேன். சொந்த வண்டிக்கு அதையே காசு கொடுத்துச் செய்திருக்கிறேன். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் மாமா சொன்னபடி விற்றுவிட்டால் இது யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம், தப்பு செய்தால் திருத்திக்கொண்டு ஓட்டுவேன், அதற்காக வண்டியைப் பறிகொடுப்பேனா என்று வேலையைத் தொடங்கச் சொன்னேன்.

மூன்றரை மணி நேர வேலை. ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கீழவீதிக்கு வந்து இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று நாற்பது. கொத்சை மூன்று முறை கேட்டு வாங்கினோம், முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். கோயிலுக்கும் போனேன். மதியம் நடை சாத்துவதற்கு முன்பே உள்ளே போய்விடுங்கள்.

இரண்டு பக்கமும் ரப்பர், பேரிங் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் சேர்த்து 4,300 ரூபாய். 1.30க்குக் கிளம்பி 3.20க்கு வீடு. எங்கள் தெரு குறுகல். ஆறு மணிக்கு அந்த ஆளும் மாமாவும் வாசலில் நிற்க, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒடித்து வண்டியைத் திருப்பிக் காட்டினேன். சத்தமே இல்லை. வந்தவர், "வண்டி பக்காவா இருக்கேம்மா, இன்னும் அஞ்சாயிரம் சேத்துத் தர்றேன்" என்றார். "நான் விக்கிறதா சொல்லவே இல்லீங்களே" என்றேன். மாமா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சத்தம் எப்போது வருகிறது, நின்றபடியா, ஓடும்போதா, எந்தப் பக்கம் என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போங்கள். எது என்று தொட்டுக் காட்டாமல் மொத்தமாக மாற்றச் சொல்கிறவரிடமிருந்து வண்டியை வெளியே எடுங்கள். துருவுக்குப் பயந்தால் தண்ணீரால் அடிப்பக்கத்தை அடிக்கடி கழுவுங்கள், பெயின்ட் உரிந்த இடத்தில் துரு தடுக்கும் பெயின்ட் அடியுங்கள். ஆயில் வேண்டவே வேண்டாம். என் பேச்சைக் கேட்டு அடித்த லேப் நண்பர்கள் எல்லோரிடமும் போனவாரம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஒருவரை மட்டும் விட்டுவிட்டேன். ஆயுத பூசையன்று என் வண்டியோடு மாமாவின் காருக்கும் ஆயில் அடிக்கவைத்தவள் நான்தான். நேற்றுக் காலை அவரே மாடியிலிருந்து இறங்கி வந்தார். சுற்றி வளைத்துப் பொங்கல், மழை, கரும்பு விலை எல்லாம் பேசினார்.

"நம்ம வண்டியும் ஒரு மாசமா திருப்பினா ஒரு மாதிரி சத்தம் போடுதும்மா. அந்த பாய் கடை எங்கன்ன?"

"ஞாயித்துக்கிழம போவலாம் மாமா. ஆனா நான்தான் ஓட்டுவேன். நீங்க கண்ணாடிய எறக்கிவுட்டுட்டு எந்தப் பக்கம் சத்தம் வருதுன்னு கேட்டுக்கிட்டு வாங்க."

 அவர் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.