அத்தை தனியாகச் சிரித்த ஞாயிறு

அத்தை சிரிப்பதற்கு முன் மகனின் முகத்தைப் பார்ப்பார். இரண்டாயிரமாவது ஆண்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் பார்வைதான். வேலை கிடைத்து அமெரிக்கா வந்த புதிதில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வேட்பாளர்களைக் கேலி செய்யும் நிகழ்ச்சியொன்று சனிக்கிழமைகளில் எல்லோரும் தூங்கிய பிறகு வரும். அது வீடியோ கேசட்டில் தானாகப் பதிவாகும்படி அத்தை மகன் விசிஆரில் டைமர் வைத்திருந்தான். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் அம்மாவும் மகனும் அதைப் பார்ப்பார்கள். டோப்பா வைத்த நடிகர்கள் வேட்பாளர்களைப் போலவே இழுத்து இழுத்துப் பேச, அவன் சோபாவிலிருந்து சரிந்து சிரிப்பான். அத்தை அவனைப் பார்த்துவிட்டு, சற்றுப் பிந்திச் சிரிப்பார்.

அவன் தமிழில் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அடுத்த வருடம் கல்லூரிக்குப் போய்விடுவான். அதற்குள் அவனோடு பேச ஏதாவது ஒன்று வேண்டுமென்று அத்தை தவித்தார். ஒருமுறை, "இதுல என்ன கண்ணு சிரிப்பு?" என்று கேட்டார்.

"அம்மா, யூ ஹேவ் டு நோ த நியூஸ்," என்றான் அவன்.

மறுநாளே அத்தை செய்தித்தாள் படிக்க ஆரம்பித்துவிட்டார். வேட்பாளர்களின் விவாதத்தை ஓடவிட்டுக்கொண்டு சப்பாத்தி இடுவார். புரியாததை மாமாவிடமும் என்னிடமும் கேட்பார். அவனிடம் மட்டும் கேட்கமாட்டார்.

அக்டோபரில் ஒரு மழைநாள் மாலை, நண்பன் வீட்டிலிருந்து அவன் திரும்பும்போது கார் சறுக்கி மரத்தில் மோதியது. மாமாவும் அத்தையும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் இறந்துவிட்டான்.

தேர்தல் வந்தது, சரியாகத் துளை விழாத வாக்குச்சீட்டுகளால் யார் வென்றார் என்று தெரியாமல் வாரக்கணக்கில் இழுத்தது. எங்கள் வீட்டில் யாரும் டிவியைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு மதியம் அத்தைதான் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அவன் வெச்ச டைமர் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது," என்றார்.

கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டார். ஓட்டு எண்ணும் அதிகாரியாக வேடமிட்ட ஒருவர் வாக்குச்சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதில் இருப்பது துளையா பள்ளமா என்று இரண்டு வேட்பாளர்களிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். அத்தை சட்டென்று சிரித்துவிட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகுதான் பக்கத்திலிருந்த காலி இடத்துப் பக்கம் திரும்பினார்.

"எனக்கே புரிஞ்சிருச்சு கண்ணு."

மாமா சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அந்தக் குளிர்காலத்துப் பனிப்புயலில் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது டைமர் அழிந்து போயிருந்தது. மறுபடியும் வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அம்மிணி. அவன் வெச்சது நின்னு போச்சு. விட்ரு," என்றார்.

இன்று எங்கள் குடும்பத்தில் அமெரிக்க அரசியலை அத்தை அளவுக்கு அறிந்தவர்கள் யாரும் இல்லை. தேர்தல் வந்தால் என் பிள்ளைகள் அவரிடம்தான் ஆங்கிலத்தில் வாதாடுவார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். கேலி நிகழ்ச்சியைப் போட்டால் மட்டும், அவர்கள் சிரிக்கத் தொடங்குமுன் எழுந்து உள்ளே போய்விடுவார்.