பிரிஜிட் சொன்ன வயது

ஹனோவர் ரயில் நிலையம். என் ரயில் நாற்பது நிமிடம் தாமதம். ரொட்டிக் கடை மேசையில் இரண்டு தாள்களை விரித்து வைத்திருக்கிறேன். பத்தாண்டு இடைவெளியில் ஸ்காட்லாந்தில் எடுத்த பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் நகல்கள். அயர்லாந்தில் பிறந்து அங்கே டண்டீ நகரத்துச் சணல் ஆலைக்கு வேலைக்குப் போன ஒருவர் என் அம்மா வழி முன்னோர். அவர் மகன் ஜான் மதராசுக்கு வந்ததால்தான் நான்.

முதல் தாளில் அவர் பெயர் டொனலி, அடுத்ததில் டன்லே. மனைவி பிரிஜிட்டுக்கு அதில் இருபத்தொன்பது வயது, இதில் முப்பத்துநான்கு. இரண்டாவது தாளில் இருப்பது வேறு குடும்பம் என்று இரண்டு வருடமாக ஒதுக்கியே வைத்திருக்கிறேன்.

மேசை துடைக்க வந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் இந்தக் குழப்பத்தைச் சொல்கிறேன்.

"பேரை விடுங்கோ அண்ணை. இஞ்ச நிரப்பின மூண்டு அன்ட்ராக் படிவத்திலையும் எங்கட அப்பாவின்ர பேர் மூண்டு மாதிரி. பிள்ளையளின்ர வயசு என்ன?"

"மேரி நாலு, ஜான் ரெண்டு. அடுத்ததுல பதினாலு, பன்னெண்டு."

அக்கா சிரிக்கிறார். "பிள்ளையளுக்குச் சரியாப் பத்து வயசு கூடியிருக்கு. தாய்க்கு மட்டும் அஞ்சு. கெட்டிக்காரி! ஆள் மாறேல்லை அண்ணை."

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடமாக ஒரு பூட்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். பேனாவை எடுத்து என் வம்சாவளிப் பட்டியலில் பிரிஜிட்டின் பெயரை எழுதுகிறேன்.

"வயசு எதைப் போடறது?"

"அவ கடைசியாச் சொன்னதைப் போடுங்கோ."